டப்பாவின் இடது கால்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. போனில் நீ "சாப்பிட்டியா", "அங்க மழையா" என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டியதே கிடையாது. மூன்றாவது கேள்விக்குள் யார் கட்டடத்திலோ லிஃப்ட் நின்றுவிடும், அதைச் சரிசெய்ய நீ கிளம்பிவிடுவாய். அதனால்தான் காகிதம். இதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகூடப் படிக்கலாம்.

செய்தி இதுதான். எங்கள் ஸ்டூடியோ எடுக்கும் அடுத்த அனிமேஷன் படத்தில் ரோபோவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். முழு ரோபோவும்! படம் நெடுக அது எப்படி நடக்கும், எப்படித் திரும்பும், எப்படிக் கோபித்துக்கொள்ளும் என்று முடிவு செய்கிற ஆள் நான். எனக்குக் கீழே ஆறு பேர். பல் துலக்கச் சொன்னாலே அழுத உன் தங்கை ஆறு பேருக்கு அதிகாரி, அண்ணா!

குழந்தைகளோடு குடும்பமாகப் போய்ப் பார்க்கிற படம். ஒரு பெரிய குடியிருப்பில் நான்கு பிள்ளைகள். அதன் பின்பக்கம் தூக்கிப்போட்ட ஒரு பழைய ரோபோ. ஒரு காலத்தில் வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தது. முழங்கால் பழுதானதும் கழித்துவிட்டார்கள். பிள்ளைகள் அதற்கு டப்பா என்று பேர் வைக்கிறார்கள். டப்பா அவர்களைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறது. கூட்டிப் போகிறதே தவிர, எப்போதும் கடைசியாக வந்து சேர்வது அதுதான். கடைசியில் பிள்ளைகள் எங்கெங்கோ அலைந்து ஒரு புதுக்கால் பிடித்து மாட்டுகிறார்கள். டப்பா ஓடுகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. இதை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், படித்ததும் கிழித்துவிடு.

எங்கள் வேலையைப் பார்த்தால் நீ சிரிப்பாய். ஒவ்வொரு மேசையிலும் முகம் பார்க்கும் கண்ணாடி உண்டு. டப்பா முகம் சுளிக்க வேண்டுமென்றால் முதலில் நான் சுளித்துப் பார்க்க வேண்டும். அது நடக்க வேண்டுமென்றால் நடைக்கூடத்தில் நான் நடந்து பார்க்க வேண்டும். ஒரு வாரம் முழுக்க உழைத்தால் திரையில் நான்கு நொடி வரும். அந்த நான்கு நொடியை டைரக்டரம்மா எல்லோர் முன்னாலும் போட்டுப் பார்த்து, பிடித்தால் "ம்" என்பார். நேற்று எனக்கு இரண்டு "ம்" கிடைத்தது.

அண்ணிக்கு என் அன்பு. பொடிசுக்கு அத்தையின் முத்தங்கள், எண்ணிக்கை அவள் இஷ்டம்.

பெருமையில் கால் தரையில் பாவாத
உன் வாலு

———

பிப்ரவரி 3

வாலுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

நீ சொன்னபடியே இரண்டு மாடிக்கு நடுவில்தான் படித்தேன். பதினோரு மாடிக் கட்டடம், ஆறுக்கும் ஏழுக்கும் இடையே பெட்டி நின்றுபோயிருந்தது. அதன் கூரைமேல் உட்கார்ந்து டார்ச் அடித்துப் படித்தேன். உள்ளே மாட்டிக்கொண்டிருந்த பெரியவர், "என்னப்பா, மேல சத்தத்தையே காணோம்?" என்றார். "தங்கச்சி லெட்டர் போட்டிருக்கா சார். ஒரு பக்கம்தான் பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். அவர் என்ன செய்வார் பாவம், வேறு எங்கே போவார்.

உன்னைப் பற்றித் தெரியாதவர் இப்போது இந்தப் பக்கத்தில் யாருமில்லை. லிஃப்டில் ஒரு சௌகரியம், கதவு மூடிவிட்டால் யாரும் இறங்கிப் போக முடியாது. மூன்றாவது மாடிக்குள் உன் ஸ்டூடியோவைச் சொல்லிவிடுவேன். ஐந்துக்குள் ஆறு பேருக்கு அதிகாரி. எட்டு வரும்போது, "ரோபோவே என் தங்கச்சி கையிலதான் சார்." நேற்று ஒரு பல் டாக்டர் என்னைத் தூரத்தில் பார்த்ததும் படியில் இறங்கிப் போய்விட்டார். "போதும், ஊரே நம்மளப் பாத்து ஓடுது" என்று உன் அண்ணி தலையில் அடித்துக்கொள்கிறாள். ஆனால் அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரையோடு இந்தச் செய்தியையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பதாகத்தான் எனக்குக் கேள்வி.

நான்கு நொடிக்கு ஒரு வாரமா? என் லிஃப்டில் கதவு மூடவே நான்கு நொடி ஆகும். ஆனாலும் எனக்குப் புரிகிறது. பெட்டி தரைமட்டத்துக்கு அரை விரல் கீழே நின்றால் யார் கண்ணுக்கும் தெரியாது, எல்லோர் காலும் தடுக்கும். அந்த அரை விரலுக்காக நான் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரே குறை. நீ வந்து மூன்று வருடம் ஆகிறது. பொடிசைப் பொறுத்தவரை அத்தை என்பவள் போனுக்குள் குடியிருக்கிறவள். இந்தப் படத்தையாவது நல்லபடி முடி. அத்தை செய்த ரோபோ என்று தொட்டுக்காட்ட அவளுக்கு ஒன்று இருக்கட்டும்.

உன் புகழ் பாடியே தொண்டை கட்டிப்போன
அண்ணன்

———

ஏப்ரல் 19

வாலுக்கு,

உங்கள் படத்தின் டீசர் வந்திருக்கிறது. நாற்பது நொடி. பொடிசு அவள் அம்மா போனில் பார்த்தாள். பார்த்தவள் நேராகச் சமையலறைக்கு ஓடி வந்து, "அப்பா, டப்பா உன்ன மாதிரியே நடக்குது!" என்றாள். உன் அண்ணி "வாய மூடு" என்று அதட்டினாள். இந்த வீட்டில் என் காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நாம் பிறந்த வீட்டிலும் பேசியதில்லை.

பிறகு நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். பல தடவை பார்த்தேன். உன் ரோபோ வலது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. எனக்கு இடது கால். பொடிசைக் கூப்பிட்டு, "இது வேற கால், பாரு" என்று காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கால் வேற. ஆனா நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எட்டு வயது அவளுக்கு.

ஒரே கேள்வி. என்னைப் பார்த்துச் செய்தாயா, இல்லையா? போன் செய்யாதே. எழுது.

அண்ணன்

———

மே 2

அண்ணா,

ஆமாம். உன்னைப் பார்த்துத்தான்.

இந்த இரண்டு வாக்கியத்துக்காக நான்கு காகிதம் கிழித்தேன்.

டப்பாவுக்கு முதலில் ஏழு விதமாக நடை செய்து காட்டினேன். ஏழும் எல்லோரும் பார்த்துப் பார்த்து அலுத்த ரோபோ நடை. டைரக்டரம்மா, "இதெல்லாம் மெஷின். எனக்கு ஆள் வேணும்" என்றார். அன்று மத்தியானம் நடைக்கூடத்தில் எதையும் யோசிக்காமல் நடந்தேன். உன் நடை வந்துவிட்டது. ஐந்து வருடம் உன் பின்னால் பள்ளிக்கூடம் போனவள் நான், அது என் உடம்பிலேயே இருக்கிறது. டைரக்டரம்மா எழுந்து நின்று, "இதுதான்! எங்கேந்து பிடிச்ச?" என்றார். "சும்மா தோணுச்சு" என்றேன். முதல் தப்பு அந்தப் பொய்.

இரண்டாவது தப்பு, கால். மறதியில் மாறவில்லை அண்ணா, தெரிந்தே மாற்றினேன். என்றாவது நீ கேட்டால், "உனக்கு இடது, இதுக்கு வலது, நீ இல்ல" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே என்று. நீ கேட்பதற்கு மூன்று மாதம் முன்பே தப்பிக்க வழி செய்து வைத்திருந்திருக்கிறேன், பார்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயது, உனக்குப் பதினைந்து. பள்ளிக்கூட மைதானம். என் சிநேகிதிகள் சுற்றி நிற்க நான் உன்னைப்போல நடந்து காட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு சுற்று நடந்தேன். திரும்பினால் நீ நிற்கிறாய். உன் பையில் நான் விட்டுவந்த ஜியாமெட்ரி பாக்ஸைக் கொடுக்கப் பெரிய வகுப்புக் கட்டடத்திலிருந்து வந்திருந்தாய். நீ ஒன்றும் சொல்லவில்லை. பாக்ஸை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாய். அன்று வீட்டிலும் சொல்லவில்லை. இருபத்தாறு வருடமாகச் சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ அதைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டாய் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இப்போது அதையே மறுபடி செய்திருக்கிறேன். இந்தத் தடவை மைதானம்தான் பெரியது.

ஆனால் இதை மட்டும் நம்பு. இந்தத் தடவை யாரையும் சிரிக்க வைக்கச் செய்யவில்லை. இந்த ஸ்டூடியோவில் நூறு விதமான நடை பார்த்துவிட்டேன். நான் பின்தங்கினால் நின்று திரும்பிப் பார்த்த நடை அதில் ஒன்றுகூட இல்லை. டப்பாவுக்கு அது வேண்டியிருந்தது.

நீ வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல். டப்பாவை நேராக நடக்கவைத்துவிடுகிறேன். இதுவரை செய்த வேலையெல்லாம் போகும், இந்தப் பொறுப்பும் கையைவிட்டுப் போகலாம். போகட்டும். அது உன் நடை. உன் பதில் வரும்வரை டப்பா நடக்கிற காட்சி எதையும் தொட மாட்டேன், முகத்தை மட்டும் செய்துகொண்டிருப்பேன்.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்
வாலு

———

மே 30

வாலுக்கு,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரமும் கோபம்தான், ஆனால் எதற்குக் கோபம் என்பது மாறிவிட்டது.

மைதானத்தை நான் நன்றாகவே பார்த்தேன். என்னைப்போல நடந்து காட்டியவர்கள் எத்தனையோ பேர். ஒருவனுக்கும் வராது. காலை இழுப்பான், தள்ளாடுவான், அது நானே இல்லை. அதனால் பெரிதாகப் பட்டுக்கொள்ளவும் மாட்டேன். உனக்கு மட்டும் வந்தது. அச்சு அசல் நான். என் நடையை வெளியிலிருந்து நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றுதான். கழிப்பறையில் போய் நின்று அழுதேன். அழும்போதே, "என்னமா பண்றா இவ" என்றும் தோன்றியது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

என் கோபமும் அதுதான். ஒன்பது வயதில் சரியாகச் செய்தவள், ஆறு பேருக்கு அதிகாரியான பிறகு காலை மாற்றி வைத்திருக்கிறாய்! திருடுவதென்று முடிவு செய்தவள் ஒழுங்காகத் திருட வேண்டாமா?

டீசரில் உள்ள தப்புகளைச் சொல்கிறேன், குறித்துக்கொள். உன் டப்பா காலை இழுக்கிறது. நான் இழுப்பதில்லை. இடுப்பைத் தூக்கிக் காலை வீசி, அதன்மேல் நிற்கிறேன். நிற்கும்போது இடது தோள் இறங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது மெலிந்த கால் முதலில். டப்பா இரண்டுக்கும் ஒரே காலை வைக்கிறது. அப்படி இறங்கினால் முதல் மாடியிலேயே உருண்டிருக்கும். லிஃப்ட் கெட்டுப்போனால் மெக்கானிக் படியேறித்தான் மேலே போக வேண்டும், அதனால் படியைப் பற்றி என்னிடம் யாரும் வாதாட முடியாது.

இன்னொன்று. இது உன் அண்ணிக்கு மட்டும் தெரியும். நான் எப்போதும் இடது கையைப் பேன்ட் பைக்குள் விட்டபடியே நடப்பேன். "ஹீரோ வர்றாரு" என்று நீகூடக் கேலி செய்வாய். அது ஸ்டைல் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கை உள்ளேயிருந்து தொடையை அழுத்துகிறது. அழுத்தாவிட்டால் முழங்கால் மடங்கிவிடும். வெளியே தெரியக்கூடாது என்பதற்காக எல்லாப் பேன்ட்டிலும் இடது பையை மட்டும் பிரித்து ஆழமாகத் தைத்து வைத்திருக்கிறேன். டப்பாவுக்கு ஏது பேன்ட்? அது எல்லோருக்கும் தெரியவே அழுத்தட்டும்.

ஆக, இடது காலுக்கு மாற்று. என் சம்மதம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை.

முடிவில் புதுக்கால் மாட்டி டப்பாவை ஓடவிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். அதை ஜனவரியில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை, அது யாரோ ஒரு ரோபோ. இப்போது அது நான். என் காலை நான்கு பிள்ளைகள் கழற்றி எறிந்துவிட்டுக் கைதட்டுவதைப் பொடிசு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? படம் முழுக்க அதோடு கூடிக் குலாவிவிட்டு, கடைசியில் "நீ இப்படி இருந்ததே தப்பு" என்று சொல்வதுதான் சிநேகமா? என் நடை வேண்டுமென்றால் கடைசிக் காட்சி வரைக்கும் என் நடைதான். இல்லையென்றால் மொத்தமாக எடுத்துவிடு.

உன் முகத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது என்றுதான் நான் பிப்ரவரியிலேயே எழுதினேனே.

அண்ணன்

———

ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். பையைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் மட்டும் என்னால் மேலே போக முடியவில்லை. உன்னை ஹீரோ என்று நான் கேலி செய்தபோதெல்லாம் நீ சிரித்தது ஞாபகம் வந்தது.

டைரக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்குச் சரியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிறகு உன் குறிப்புகளைக் காட்டினேன். படி ஏறி இறங்கும் இடத்தைப் படித்ததும் அவரே எழுந்து போய்ப் படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். "ம்" என்றார். இடது காலுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்.

முடிவுக்குத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தைங்க சந்தோஷமா வெளிய போகணும்மா. டப்பா ஓடினாத்தான் அவங்க எழுந்து குதிப்பாங்க. ஓடாத ரோபோவ வெச்சு நான் எப்படிப் படத்த முடிப்பேன்?" என்கிறார். பணம் போட்டுப் படம் எடுப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஆகஸ்ட் முதல் வாரத்தில் அரை மணி நேரம் வாங்கியிருக்கிறேன். அவர்கள் எல்லோர் முன்னாலும் நான் நடந்து காட்டலாம்தான். ஆனால் நான் நடந்தால் அது நகல்.

நீ நடப்பதைப் படம் எடுத்து அனுப்புவாயா? உன் கல்யாணப் போட்டோக்களில்கூட நீ உட்கார்ந்துதான் இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். இதைக் கேட்க இந்த உலகத்திலேயே அருகதை இல்லாத ஆள் நான்தான் என்பதும் தெரியும். மனசில்லையென்றால் விட்டுவிடு. உனக்குக் கொடுத்த வாக்கின்படி டப்பாவிடமிருந்து உன் நடையை மொத்தமாக எடுத்துவிடுகிறேன். வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

வாலு

———

ஜூலை 22

வாலுக்கு,

படம் போனில் வந்து சேர்ந்திருக்கும். பதினோரு நிமிடம். ஒளிப்பதிவு பொடிசு. நடுவில் அவள் கட்டைவிரல் ஒரு தடவை நடித்திருக்கிறது, பொறுத்துக்கொள்.

நான் பார்க்கிற கட்டடங்களில் நீளமான நடைக்கூடம் இருப்பது ஆஸ்பத்திரியில்தான். மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு எடுத்தோம். கையை வெளியில் எடுத்துவிட்டேன். முதல் நிமிடம் பார்த்தாலே தெரியும், அந்தக் கையை எப்படி வைத்துக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை. நாலாவது நிமிடத்தில் ஒரு நர்ஸ் என்னைக் கடந்து போகிறார். நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் இதற்காகவா பை தைத்தேன் என்று எனக்கு எரிச்சலாகவே வந்தது.

படியில் ஏறி இறங்குவதைக் கருவிப்பெட்டியோடு ஒரு தடவையும் வெறுங்கையோடு ஒரு தடவையும் எடுத்திருக்கிறோம். கடைசி நிமிடத்தைக் கவனமாகப் பார். பொடிசு, "அப்பா, ஓடு!" என்கிறாள். அது நாங்கள் பேசி வைத்ததில்லை. நான் ஓடுகிறேன்.

உன் டைரக்டரம்மாவிடம் சொல். டப்பா ஓடும். புதுக்கால் எதற்கு? அது இப்படித்தான் ஓடும்.

அண்ணன்

———

செப்டம்பர் 14

என் அருமை அண்ணனுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

போனில் இதைச் சொன்னபோது நீ "அப்படியா, சரி" என்றாய். உன்னை எழுத்தில்தான் மடக்க முடியும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் ஸ்டூடியோவின் சின்னத் திரையரங்கில் பதினாலு பேர். பதினோரு நிமிடத்தையும் ஒரு இடம்கூட வெட்டாமல் போட்டேன். பொடிசின் கட்டைவிரலுக்குச் சிரித்தார்கள். படி வந்தபோது இரண்டு பேர் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்கள். கடைசியில் அவள் "அப்பா, ஓடு!" என்றாள், நீ ஓடினாய். அண்ணா, நீ ஓடி நான் பார்த்ததே இல்லை. இடுப்பு உயர்ந்து, கால் வீசி, கை தொடையில் அறைந்து அறைந்து, முகமெல்லாம் சிரிப்பாக நீ அந்தக் குழந்தையை நோக்கி வருகிறாய். விளக்குப் போட்டார்கள். டைரக்டரம்மா, "யாரு இவரு?" என்றார். "எங்க அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் அந்த அறைக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கும். "எனக்கு இந்த ஓட்டம் வேணும்" என்றார் அவர். அவ்வளவுதான். படம் எடுப்பவர்கள் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புது முடிவைக் கேள். பிள்ளைகள் புதுக்காலைக் கொண்டு வருகிறார்கள். டப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. யாருக்கு?" என்று கேட்கிறது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கால் விளையாட்டுத் திடலில் உடைந்து கிடக்கும் சீசாப் பலகைக்கு முட்டுக்கொடுக்கப் போய்விடுகிறது. அப்புறம் பள்ளிக்கூட மணி அடிக்கிறது, நேரமாகிவிட்டது, டப்பா தன் இடது தொடையில் கை வைத்து ஓடுகிறது. உன் ஓட்டம், உன் காலில்.

இப்போது ஸ்டூடியோவே உன் நடைதான். என் ஆறு பேரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை தொடையை அழுத்தியபடி நடைக்கூடத்தில் போய் வந்துகொண்டிருக்கிறார்கள். டீ கொண்டுவருகிறவர், "என்னங்க, எல்லாருக்கும் ஒரே நேரத்துல என்ன ஆச்சு?" என்று பயந்துவிட்டார். ஒருவன் நேற்றுத் தோளை இறக்க மறந்தான். அவனைக் கூப்பிட்டு, "இது எங்க அண்ணன் நடை. தப்பாப் பண்ணினா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றேன்.

படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது "டப்பாவின் நடை" என்று போட்டு உன் பெயரும் வரும். வேண்டாம் என்று சொல்லாதே, ஏற்கெனவே சேர்த்தாயிற்று. அடுத்த மே மாதம் படம் வெளியாகிற வாரம் என்னால் அங்கே வர முடியாது. ஜூனில் கட்டாயம் வருவேன், இப்போதே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

உன் தங்கை என்பதே பெரிய உத்தியோகமாகிப்போன
வாலு

———

மே 11

அன்புள்ள வாலுக்கு,

பார்த்துவிட்டோம். நேற்றுதான் படம் வெளியானது, முதல் நாள் மத்தியானக் காட்சி. நான், உன் அண்ணி, பொடிசு. அரங்கம் நிறையக் குழந்தைகள்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் கால் மணி நேரம் நான் திரையையே பார்க்கவில்லை. சுற்றியிருந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டப்பா எழுந்து முதல் அடி வைத்தபோது என் இடது கை தானாகப் பேன்ட் பைக்குள் போனது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. டப்பா தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தபோது சிரித்தார்கள். பூனைக்குப் பயந்து அலமாரிக்குள் ஒளிந்தபோது உருண்டு புரண்டு சிரித்தார்கள். நடையை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. அதன் பிறகுதான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்த்தேன்.

ஓட்டம் வந்ததே, அப்போது நாற்காலிமேல் ஏறிவிட்டார்கள். "ஓடு டப்பா, ஓடு!" என்று ஒரே கூச்சல். அதில் பொடிசின் குரல் தனியாகக் கேட்டது. உன் அண்ணி ஏசி கண்ணில் அடிக்கிறது என்று சொல்லி அழுதாள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் கூட்டம் எழுந்துவிட்டது. ஒருவர் முதுகு என் பெயரில் பாதியை மறைத்தது. மீதிப் பாதியைப் பார்த்தேன்.

நான் எழுத வந்தது வேறு. அரங்கத்திலிருந்து வெளிவாசலுக்கு ஒரு நீளமான வழி. நாங்கள் வெளியே வந்தபோது அங்கே முன்னும் பின்னும் பிள்ளைகள். இருபது முப்பது பேர் இருக்கும். எல்லோரும் இடது கையைத் தொடையில் வைத்து, இடுப்பைத் தூக்கி, காலை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்தால் நான் பழைய பழக்கத்தில் சுவரோரம் ஒதுங்கி நின்றுவிடுவேன். ஒதுங்கினேன்.

எனக்கு முன்னால் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அப்படி நடந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா யதேச்சையாகத் திரும்பி என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. குனிந்து அவள் கையைப் பிடித்து, "ஏய், அப்படி நடக்காத. பின்னால ஒருத்தர் வர்றாரு" என்று கிசுகிசுத்தார். அந்தப் பெண் திரும்பினாள். நான் வேறு வழியில்லாமல் நடந்தேன். நாலு அடி. அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு அந்த இடமே அதிரும்படி, "அம்மா! இவருக்கு எவ்ளோ சூப்பரா வருது பாரு!" என்று கத்தினாள்.

அவள் அம்மாவுக்குப் பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்திருக்கும். அதற்குள் மற்ற பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், எங்க கத்துக்கிட்டீங்க?"

"சின்ன வயசுலேந்தே பண்றேன்" என்றேன்.

"எங்களுக்கு இந்த அளவுக்கு வரல."

"வராது. நாப்பது வருஷம் ஆகும்."

"எங்க அப்பாதான்" என்று பொடிசு கையைக் கட்டிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "டப்பாவே இவரப் பாத்துத்தான் நடக்குது." யாரும் நம்பவில்லை. அவளும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

சொல்லிக்கொடுங்கள் என்று ஒரே பிடிவாதம். இடுப்பை எவ்வளவு தூக்க வேண்டும், தோளை எங்கே இறக்க வேண்டும், கையை எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று ஒன்று விடாமல் காட்டினேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். "பரவால்லம்மா, உங்க பொண்ணுக்கு நல்லாவே வருது" என்றேன். பெருமையாக இருந்தது, வாலு. உன்னை நினைத்துப் பெருமைப்படுவது எனக்குப் பழகிவிட்டது, அதற்குத்தான் லிஃப்ட் இருக்கிறதே. நேற்று நான் என்னை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அங்கிருந்து வெளிவாசல் வரை நடந்தோம். நான் முன்னால். முப்பது பிள்ளைகளும் என் பின்னால். ஒருவர்கூட என்னை முந்தவில்லை.

உன் அண்ணன்